எட்டடிக் குளியலறை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று என் பெண்டாட்டி ராசம்மாள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷம் நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையில் நீராவிக் குழாய்களோடு மல்லுக்கட்டியவன் நான். ஆலையை விட்டு வந்து கடலூர்ப் பழைய டவுனில் சொந்தமாகக் குழாய் வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்த பிறகும் அந்தச் சூடு அடங்கவில்லை. அதனால்தான் சிதம்பரத்து சபாநாயகம் பிள்ளை வீட்டில் முதல் நாளே வாயை விட்டேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், புரட்டாசி மாதம். பிள்ளை தாலுகா கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கொல்லையில் நின்றால் நடராஜர் கோயில் கோபுரம் தெரியும். 'வீட்டில் குளியலறை கட்ட வேண்டும், மேலேயிருந்து தண்ணீர் கொட்டும்படி செய்ய வேண்டும், உடனே வரவும்' என்று எனக்குக் கார்டு போட்டிருந்தார். ரயில் ஏறிப் போய் இறங்கினேன். கிணற்றுக்குப் பக்கத்தில் தரையில் சுண்ணாம்பால் கோடு கிழித்து வைத்திருந்தார். நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். எட்டடிக்கு எட்டடி.

"ஷவருக்கு நாலடிக்கு நாலடி போதும் ஐயா. பெரிய பெரிய பங்களாவுலயே அவ்ளோதான் வெக்கிறாங்க. எட்டடி எதுக்கு? ஆனையா குளிக்கப் போவுது?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காது மட்டும் சிவந்துபோயிற்று.

"ஆனை இல்ல மேஸ்திரி. ரெண்டு பேர்" என்றார்.

ஐம்பத்தெட்டு வயசு ஆசாமிக்கு இதுதான் குறைச்சல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அளவு எடுத்து முடிக்க நேரமாகிவிட்டதால் ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலையில் சீக்கிரமே போனேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. சுண்ணாம்புக் கட்டத்துக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்து, அதன் முன்னால் பிள்ளை குனிந்து நின்றார். நாற்காலியில் யாருமில்லை. யாரோ இருப்பதுபோல அக்குள் இரண்டிலும் கை கொடுத்தார், தூக்கினார், கால் மாற்றி இடது பக்கம் திரும்பினார். ஓரடி பின்வாங்கியபோது குதிகால் கோட்டில் பட்டது. நின்றார். குனிந்து கோட்டைக் கையால் அழித்துவிட்டு, வேறு இடத்தில் போட்டார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"என்னாங்கையா பண்றீங்க?" என்றேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பங்குனியில ஒரு நாள் கோலம் போட உக்காந்த எம் வீட்டுக்காரி அப்படியே சாஞ்சிட்டா, மேஸ்திரி. பக்கவாதம். வலது கையும் காலும் போச்சி. வேலைக்கு இருக்கிற முத்தம்மா ஒரு கையால புடிச்சிகிட்டு ஒரு கையால தண்ணி ஊத்தினா. ரெண்டு பேரும் சேந்து வழுக்கி விழுந்தாங்க. அன்னையிலேருந்து ஈரத்துணியால தொடைக்கிறதோட சரி. வேற யாரையும் கிட்ட விட மாட்டேங்கிறா. எங்களுக்குப் புள்ளைங்களும் இல்ல. நான் குளிப்பாட்டுறேன்னேன், சரின்னா. ஆனா அவளைப் புடிக்கவே எனக்கு ரெண்டு கையும் வேணுமே. ஊத்துறதுக்கு மூணாவது கைக்கு நான் எங்கே போவேன்?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மார்கழித் திருவாதிரைக்கு முன்னால முடிச்சிக் குடுத்துடு. கட்டிக்கிட்டு வந்த வருஷத்துலேருந்து ஒரு திருவாதிரையும் அவ விட்டதில்ல. முப்பத்தொரு வருஷம். தலை முழுகாம சன்னிதிக்கு வர மாட்டேங்கிறா. இந்த வருஷம் என்னை விட்டுடுங்கன்னு சொல்லிட்டு, சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதை என்னால பாக்க முடியல."

ஆனை என்று சொன்ன வாயை அப்போதே கழுவிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. "எட்டடி சரிதாங்க ஐயா. வாசலை மட்டும் மூணரை அடி வெப்போம். படி வேணாம். நாற்காலியோட தூக்கியாந்துடலாம்" என்றேன்.

அன்று மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் யோசித்தோம். தரைக்குக் கடப்பைக் கல், சொரசொரப்பான பக்கம் மேலே. அடிக்குக் கால் அங்குலம் வாட்டம். அதற்கு மேல் சரிவு கொடுத்தால் அந்த அம்மாளின் கால் நழுவும். குறைத்தால் தண்ணீர் நிற்கும். உட்கார ஒரு கல் பலகை, இடது கைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு குழாய்க் கம்பி. தண்ணீர் விழ நூற்றைம்பது ஓட்டை போட்ட பித்தளைத் தட்டு. உயரத்தில் மாட்டினால் தண்ணீர் ஊசி மாதிரி குத்தும் என்பதால், தலைக்கு மேல் இரண்டே அடியில் தட்டு. கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றக் கைப்பம்பு. பம்பில் தோல் வாஷர் இருக்கும் என்று நான் சொன்னபோது மட்டும் பிள்ளையின் முகம் மாறியது.

"சைவ வீடுய்யா. அவகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே. கேட்டா ரப்பர்னு சொல்லிடு" என்றார். ரப்பர் எங்கே கிடைத்தது அந்தக் காலத்தில்? யுத்தம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருந்தது. இரும்புத் தகடும் கிடைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு என்ன செய்வது என்று நான் முழித்தபோது, பிள்ளை என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு செம்பு அண்டாவைக் காட்டினார். இருபத்தைந்து குடம் பிடிக்கும். பிள்ளையின் சம்சாரம் சிவகாமியம்மாள் விருத்தாசலத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தபோது கூட வந்த சீர்.

"ஓட்டை போடணுமே ஐயா" என்றேன்.

"வா, அவளையே கேப்போம்" என்றார்.

அப்படித்தான் நான் அந்த அம்மாளை முதன்முதலாகப் பார்த்தேன். கட்டிலில் தலையணையை அணைத்துச் சாய்ந்திருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி. தலைமுடி எண்ணெய்ச் சிக்குப் பிடித்து, கயிறு மாதிரி முறுக்கி முடிந்திருந்தது. பேச்சு கொஞ்சம் இழுத்தது. ஆனால் கண் இழுக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால் நானே என் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டேன்.

"தாராளமா ஓட்டை போட்டுக்க மேஸ்திரி. எங்கப்பா மேலேருந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று பாதி உதட்டால் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். "பம்பு வெக்கப் போறியாமே. அதுக்குள்ள தோல் இருக்கும்னு சொல்றாங்களே. இருக்குதா?"

பின்னாலிருந்து பிள்ளை தொண்டையைக் கனைத்தார். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம்.

நான் அந்த முடியைப் பார்த்தேன், விபூதியைப் பார்த்தேன். ரப்பர் என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. வந்து அங்கேயே செத்துப்போயிற்று.

"இருக்குதும்மா. மாட்டுத்தோலு" என்றேன்.

வெளியே வந்ததும் பிள்ளை என்மேல் பாய்ந்தார். "ஏன்யா, ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா உன் தலையா போயிடும்?"

நானும் பாய்ந்தேன். "ஒடம்பு முடியாதவங்க மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வரல, வேற ஆளைப் பாருங்க! தோல் வேணாம்னா வேணாம்! பம்பு இல்லாம தண்ணியை மேல ஏத்த எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்பதுதான் உண்மை. வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, கிணற்றடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ராட்டினத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பொறி தட்டியது. தண்ணீரை இறைத்து, பிறகு எதற்கு மேலே ஏற்ற வேண்டும்? ஆளே மேலே நின்று இறைத்தால் என்ன? கிணற்றை ஒட்டிப் பத்தடி உயரத்துக்குச் செங்கல் மேடை, ஏறப் படிக்கட்டு, மேடை மேல் அண்டா, அதன் பக்கத்திலேயே ராட்டினம். கயிறு மட்டும் பத்தடி நீளம் ஜாஸ்தி.

குழாயைத் திறக்க மூடவும் தோல் வேண்டாம் என்று செய்தேன். ஆலையில் நீராவிக்குப் போடுகிற மாதிரி, பித்தளைக்குள் பித்தளைக் கூம்பு. ஒரு சொட்டுக் கசியாமல் இருக்க அதை இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். ஆலையில் அதற்குக் கொழுப்புத் தடவுவோம். இங்கே தேன்மெழுகு. இதையும் அந்த அம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன்.

"என்னங்க" என்று புருஷனைக் கூப்பிட்டார்கள். "இந்த மேஸ்திரி சொன்னா நான் நம்புவேன். வேலை சரியா முடிஞ்சிதுன்னு இவன் வாயால சொல்லட்டும். மறு கேள்வி கேக்காம வந்து உக்காந்துடுறேன்."

எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

இனி மிச்சம் வடிகால். இருபத்தைந்து குடம் தண்ணீர் கால்மணி நேரத்தில் கொட்டினால் அது எங்காவது போக வேண்டுமே. வீதி உயரம், அங்கே ஏறாது. கொல்லையில் பள்ளமான இடம் ஈசானிய மூலை ஒன்றுதான். அங்கே அந்த அம்மாளின் நந்தியாவட்டையும் செவ்வரளியும் இருந்தன. "அந்தப் பூ நடராசருக்குப் போறது. குளிச்ச தண்ணி அது காலடிக்கும் போவக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: மேலே விழுந்து வழிந்த தண்ணீர் தேங்கித் திரும்பக் காலில் பட்டால், அது முழுக்கே ஆகாது.

எதிர்ப்பக்கம் வாழைமரங்கள் இருந்தன. ஆனால் அது மேடு. அதனால் வாழைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டி, உடைந்த செங்கல்லைப் போட்டு நிரப்பி, தண்ணீர் அதற்குள் விழுந்து மண்ணில் ஊறிப்போகும்படி மண்குழாய் பதிக்கத் தீர்மானித்தேன். கடலூரில் நாங்கள் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் செய்வோம். என் வீட்டுக் கொல்லையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால், குடத்தை நிமிர்த்துவதற்குள் தண்ணீர் காணாமல் போய்விடும்.

குழி வெட்ட வந்தவன் பொன்னுரங்கம், உள்ளூர் ஆள். இடுப்பளவு வெட்டியதும் நிமிர்ந்து, ஒரு கட்டி மண்ணை என் கையில் கொடுத்தான்.

"மேஸ்திரி, இது களி. மழை புடிச்சிட்டா இது தண்ணி குடிக்காது" என்றான்.

"வெட்டுறதோட நில்லு. குழாய் வேலை எனக்கா தெரியாது, உனக்கா?" என்று எரிந்து விழுந்தேன். அவனுக்குக் காட்டுவதற்கென்றே நாலு குடம் தண்ணீரைக் குழிக்குள் ஊற்றினேன். புரட்டாசி வெயிலில் மண் விரல் விரலாக வெடித்திருந்தது. தண்ணீர் வெடிப்புக்குள் மடமடவென்று இறங்கிவிட்டது. "பாத்தியா?" என்றேன். அவன் மிச்சத்தை வெட்டி முடித்து, மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போனான்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மேடை கட்டுவதும் சுவர் எழுப்புவதும் மழைக்கு நடுவில் நத்தை மாதிரி நகர்ந்தன. மார்கழி பிறந்துதான் வேகம் பிடித்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரே ஒரு நாள் வீட்டுக்குப் போனேன். "பூசைக்கு வந்தப்பகூட உன் மனசு அங்கியே கெடக்குது. போ, அந்த அம்மாவுக்கு முடிச்சிக் குடுத்துட்டு வா" என்று ராசம்மாளே துரத்திவிட்டாள்.

திருவாதிரைக்கு முந்தின நாள், தேர். ஊர் முழுக்க வீதியில் இருந்தது. சுவர்ப் பூச்சு காய்ந்துவிட்டது, கல் பதித்தாகிவிட்டது. பிள்ளை மேடை மேல் ஏறி அண்டாவை நிரப்பினார். நான் கூம்பைத் திருப்பினேன். நூற்றைம்பது ஓட்டையிலும் ஒரே சீராகத் தண்ணீர் இறங்கியது. அதைப் பார்த்துப் பிள்ளை சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டி நீட்டி நனைத்துக்கொண்டார். கல் மேல் தண்ணீர் சறுக்கிக்கொண்டு வடிகால் வாய்க்கு ஓடியது. ஓடியது, ஓடியது, பிறகு நின்றது. அப்புறம் மெதுவாக, அழுக்கு நிறத்தில், வந்த வழியே திரும்பி வந்தது. என் கணுக்கால் நனைந்தது.

கூம்பை மூடிவிட்டு வாழைப் பக்கம் ஓடினேன். செங்கல்லை விலக்கிப் பார்த்தால் குழிக்குள் குழாய் வாயை மூடித் தண்ணீர். இரண்டு மாத மழையைக் குடித்துக் களி உப்பிக் கிடந்தது. ஒரு சொட்டுகூட உள்ளே வாங்கவில்லை. கடலூர் மணலை மனசில் வைத்துக்கொண்டு சிதம்பரத்துக் களியில் குழி வெட்டிய மகா மேஸ்திரி நான்! பொன்னுரங்கம் கொடுத்த மண்கட்டி என் கண் முன்னால் வந்து நின்றது. என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

பிள்ளை குழியைப் பார்த்தார். கல் பலகையில் போய் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"நாளைக்கு முழுக்காட்டுறேன்னு சொல்லிட்டேன்யா. பட்டுப் புடவையை எடுத்துத் தலைமாட்டுல வெச்சிக்கிட்டிருக்கா" என்றார்.

"பூச்செடிப் பக்கம் ஒரு வாய்க்கா வெட்டி விட்டுடலாங்க ஐயா. ஒரு நாளைக்குத்தானே" என்றேன் மெதுவாக.

"வெட்டலாம். நாளைக்கு அவ உன்னைக் கேப்பா. நீ வாயைத் தொறந்து உண்மையச் சொல்லிடுவே" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

குழி அருகில் நின்று யோசித்தேன். குழியைச் சுத்தமாகக் காலி செய்தால் குழாய் வாய்க்குக் கீழே எட்டுக் குடம் பிடிக்கும். இருபத்தைந்து குடத்தில் மிச்சத்தை, விழ விழ மொண்டு மேட்டு வாழைக்குள் கொட்டிவிட்டால்? வாழையைச் சுற்றி வரப்புப் போட்டுவிட்டால் தண்ணீர் அங்கேயே நிற்கும். ஆள் தேடினேன். தேர் நாளில் எவன் அகப்படுவான்? பொன்னுரங்கம் வடம் பிடிக்கப் போயிருந்தான். அவன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியமும் இல்லை.

"நான் ஒருத்தனே பாத்துக்கிறேன் ஐயா. நீங்க உள்ள அம்மாவைப் புடிச்சிக்கிங்க. தண்ணி அவுங்க கால்ல படாது. மாதா மேல ஆணை" என்றேன்.

அன்று சாயங்காலமே செங்கல்லை எல்லாம் வாரி எடுத்தேன், வரப்புக் கட்டினேன்.

மறுநாள் விடியும் நேரம். கோயிலில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் கொல்லை வரைக்கும் வந்தது. பிள்ளை இருபது குடம் இறைத்து அண்டாவில் கொட்டியிருந்தார். முத்தம்மாள் தவலை தவலையாக வெந்நீரைப் படியேறிக் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ராத்திரி ஊறியிருந்த தண்ணீரை இறைத்துக் குழியைக் காலி செய்துவிட்டு, இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினேன். மார்கழிச் சேறு எலும்பு வரைக்கும் ஏறியது. பல் கிட்டித்தது.

நாற்காலி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அந்த இழுத்த குரல், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"மேஸ்திரி இருக்கானா?"

"இருக்கேம்மா. இந்தாண்ட பக்கம்."

"எல்லாம் சரியா முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதும்மா" என்றேன்.

"தண்ணி தானா போவும்ல?"

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு நான் ஒரு தரம் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் என்னை நம்பி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். கையில் வாளியோடு சேற்றில் நின்றுகொண்டு சொன்னேன்.

"தானா போவும்மா. நல்லா போவும்."

கூம்பு திரும்பும் சத்தம். தண்ணீர் இறங்கும் சத்தம். மண்குழாய் வழியாக முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக என் முழங்காலில் வந்து விழுந்தது. சீயக்காய் வாசனை. மொண்டேன், கொட்டினேன். மொண்டேன், கொட்டினேன். எட்டு மாதச் சிக்கு அவ்வளவு சீக்கிரம் போகுமா? உள்ளே பிள்ளை ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். "தலையைக் கொஞ்சம் சாச்சிக்க... புடிச்சிருக்கேன்... நான் புடிச்சிருக்கேன் சிவகாமி." ஒரு வார்த்தை பதில் இல்லை. பயந்துபோய் நான் காதைக் கொடுத்தேன். அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார்கள். வலியில் அழுகிற அழுகை இல்லை. தேம்பித் தேம்பி, நடுநடுவே சிரித்துக்கொண்டு.

கால்மணி நேரம் என்று நான் போட்ட திட்டமெல்லாம் காற்றில் போயிற்று. முத்தம்மாள் மேலும் மேலும் வெந்நீர் ஊற்றினாள். தண்ணீர் நிற்கவே இல்லை. தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. இடுப்பு நிமிரவில்லை. வேறு நாளாக இருந்தால், போதும் நிறுத்துங்கள் என்று கத்தியிருப்பேன். அன்றைக்கு என்னமோ கோபம் என்கிற சமாசாரமே எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. இன்னும் கொட்டட்டும், அந்த அம்மாள் ஆசை தீர நனையட்டும் என்றுதான் இருந்தது. குழாய் வாய்க்கு ஒரு சாண் கீழேயே தண்ணீரை நிறுத்தி வைத்தேன். ஒரு தரம்கூட அதைத் தாண்ட விடவில்லை.

ஒருவழியாகக் கூம்பு மூடும் சத்தம் கேட்டது. நான் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முத்தம்மாள் வந்து, "அம்மா கூப்புடுறாங்க" என்றாள். இந்தக் கோலத்தில் எப்படி வருவது என்றேன். அப்படியே வரச் சொல்கிறார்கள் என்றாள். முற்றத்து ஓரத்தில் போய் நின்றேன். பட்டுப் புடவையில் சிவகாமியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முடி முழுக்க அவிழ்ந்து நாற்காலிக்குப் பின்னால் தொங்கியது. பிள்ளை கீழே உட்கார்ந்து சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தார். வாசலில் ஒற்றை மாட்டு வண்டி தயாராக நின்றது. தரிசனம் மத்தியானம்தான், ஆனால் அந்த அம்மாள் அப்போதே கிளம்பிவிட்டவர்கள் மாதிரி இருந்தார்கள்.

என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்கள். சேறு என் காது வரைக்கும் அப்பியிருந்தது.

"உள்ள உக்காந்திருந்தப்ப யாரோ வாழைக்குத் தண்ணி இறைக்கிற சத்தம் கேட்டுது. ரெண்டு மாசமா மழை. வாழைக்கு எவனாவது தண்ணி இறைப்பானா மேஸ்திரி?" என்றார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "களிம்மா. மண்ணு தண்ணி குடிக்கல. என் தப்பு. ஆனா உங்க கால்ல படலம்மா, சத்தியமா படல."

"தெரியும். நான் காலைத்தான் பாத்துகிட்டிருந்தேன்." அந்தப் பாதி உதட்டுச் சிரிப்பு வந்தது. "பொய் சொல்லத் தெரியாதவன்னு நெனைச்சேன் உன்னை. நல்லாத்தான் சொல்றே." பிறகு நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, பிள்ளையிடம் திரும்பினார்கள். "என்னங்க, அண்டாவுல இன்னும் வெந்நி இருக்குதுல்ல? இவன் குளிக்கட்டும்."

"கெணத்தடியில ரெண்டு வாளி ஊத்திக்கிறேம்மா, போதும்" என்றேன் அவசரமாக. அந்த வீட்டுக் குளியலறையில் நானா? சைவ வீடு. நான் சிலுவைக் கயிறு கட்டினவன்.

"எட்டடிக்கு எட்டடி கட்டியிருக்கே. உனக்கு மட்டும் எடம் இல்லியா? போ" என்றார்கள்.

போனேன். கல் பலகையில் சீயக்காய் வாசனை இன்னும் இருந்தது. கூம்பைத் திருப்பினேன். வெதுவெதுப்பான தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து தோளில் இறங்கியது. எத்தனை வீட்டில் எத்தனை குழாய் மாட்டியிருப்பேன்! ஒன்றின் கீழும் நான் நின்றதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. தண்ணீருக்குள் யாருக்குத் தெரியப் போகிறது என்று அழவும் அழுதேன்.

அப்புறம்தான் திடுக்கென்று காலைப் பார்த்தேன். குழி ஏற்கெனவே நிறைந்திருக்க வேண்டுமே. தண்ணீர் திரும்பியிருக்க வேண்டுமே. கல் மேல் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சளக், சளக் என்று சத்தம்.

"ஐயா! நீங்களா?" என்று கத்தினேன். "குளிச்சிட்டு கோயிலுக்குப் போறவங்க சேத்துல எறங்கிட்டீங்களே! வுடுங்க, தோ வந்துட்டேன்!"

"பேசாம குளிய்யா. நான் இன்னொரு தரம் முழுகிக்கிறேன்" என்றார் பிள்ளை.

"தண்ணி...?" என்றேன்.

வாளி விழும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம்.

"தானா போவுது மேஸ்திரி. நல்லா போவுது" என்றார் சபாநாயகம் பிள்ளை.

முற்றத்தில் சிவகாமியம்மாள் வாய்விட்டுச் சிரித்தது எனக்கு உள்ளே கேட்டது.